புராஸ்டேட் வீக்கத்துக்கு மூலிகை கேட்குமா? மருமகன் அனுப்பிய பாட்டிலைத் திறக்கலாமா?

குலசேகரம் பால்வெட்டுக்காரன்:
வயது 57. 30 வருஷமாக ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். விடியுமுன் மூன்று மணிக்கு எழுவது எனக்குப் பழகிய காரியம். இப்போது அந்த மூன்று மணிக்குள்ளேயே நாலு தடவை எழுந்துவிடுகிறேன். போய் நின்றாலும் உடனே வருவதில்லை. தோட்டத்திலும் இதே கதைதான். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பேன். சிரட்டையில் பால் சொட்டுகிற வேகம்தான் எனக்கும். வந்தது போதாது என்று, முடிந்தது என்று வேட்டியை இறக்கினால் இன்னும் நாலு சொட்டு.

மகளைக் கட்டிய மருமகன் துபாயிலிருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினான். அமெரிக்கத் தயாரிப்பாம். சா பால்மெட்டோ 320 மில்லிகிராம், பூசணி விதை எண்ணெய், துத்தநாகம், மொத்தம் 90 காப்ஸ்யூல். இங்கே தெரிந்தவர் ஒருவர் அதெல்லாம் வேண்டாம், நெருஞ்சில் முள்ளைக் காய்ச்சிக் குடி, ஒரு மண்டலத்தில் சரியாகும் என்கிறார். எதை எடுப்பது? இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

இன்னொன்றும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் அந்த விஷயமும் ஒரு வருஷமாகச் சரியில்லை. பாட்டிலில் 'ஆண்களின் வீரியத்துக்குத் துணை' என்று போட்டிருப்பதாக என் பையன்தான் படித்துச் சொன்னான். அவனிடம் மேற்கொண்டு கேட்க முடியுமா? அதனால் இங்கே கேட்கிறேன்.

ஆசான் பேரன்:
அண்ணாச்சி, பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள். புளோரிடாவில் விளைகிற ஏதோ பனையின் பழச்சாறு அது. நம் மலையடிவாரத்தில் இல்லாததா? நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி, மூக்கிரட்டை, மாவிலங்கப்பட்டை என்று நீர்த்தாரைக்கு மட்டும் எத்தனை மூலிகை! என் தாத்தா வர்ம ஆசான். நீரடைப்பு என்று வந்தவர்களுக்கு நெருஞ்சில் குடிநீர் கொடுத்ததை நான் கூடவே இருந்து பார்த்தவன். நானும் சித்த மருத்துவம் ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவன்தான், சும்மா சொல்லவில்லை.

மருந்துக்கடை மாமா, தக்கலை:
ஆசான் பேரன் தம்பி, ஒரே மூச்சில் ஐந்து மூலிகை சொன்னீர்கள். அவருக்கு என்ன நோய் என்று ஒரு கேள்வி கேட்டீர்களா?

ராத்திரி நாலு தடவை எழுவதற்கு, மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்குவது ஒரு காரணம். சர்க்கரை இன்னொரு காரணம். மூத்திரத்தில் கிருமி, பையில் கல், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை தின்பது, படுக்கப் போகும்முன் ஒரு செம்பு கட்டன் சாயா குடிப்பது, எல்லாமே காரணம்தான். 34 வருஷம் மருந்துக்கடை கல்லாவில் நின்றவன் நான். 'புராஸ்டேட்டுக்கு மாத்திரை கொடு' என்று கேட்டு வந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கடைசியில் சர்க்கரை இருந்தது.

அண்ணே, முதலில் மூத்திரப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, கிட்னிக்குக் கிரியாட்டினின், புராஸ்டேட்டுக்குப் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். அப்புறம் பாட்டிலா முள்ளா என்று பேசுவோம்.

ஆசான் பேரன்:
பரிசோதனை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நாடி பார்த்து, நீர் பார்த்துத்தான் மருந்து என்பது எங்கள் முறை. ஆனால் மாமா, புராஸ்டேட்டுக்கு நீங்கள் கடையில் கொடுக்கிற டாம்சுலோசின் மாத்திரை மட்டும் என்ன அமிர்தமா? தின்றவனுக்கு எழுந்தால் தலைசுற்றல். விந்து வெளியே வராமல் பின்பக்கம் பைக்குள் போய்விடுகிறது. இன்னொரு புராஸ்டேட் மாத்திரையான ஃபினாஸ்டரைடு தின்றவனுக்கு ஆசையே அற்றுப்போகிறது. அண்ணாச்சி கேட்டது இரண்டு கேள்வி. ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றதைக் கெடுக்கிற மாத்திரை எதற்கு?

சந்தை வாத்தியார், திங்கள்சந்தை:
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எனக்கும் இதே தொந்தரவு. அதனால் அந்தப் பனைப்பழ விவகாரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன். பாட்டிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2006இல் கலிபோர்னியாவில் 225 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சா பால்மெட்டோ 160 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெற்றுக் காப்ஸ்யூல். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அளவு போதவில்லை என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். சரி என்று இன்னொரு குழு 369 பேரை எடுத்து, 320, 640, 960 என்று மூன்று மடங்குவரை ஏற்றி, 72 வாரம் கொடுத்தது. முடிவு 2011இல் வந்தது. மருந்து தின்றவர்களுக்குத் தொந்தரவை அளக்கிற மதிப்பெண் (குறைந்தால் நல்லது) 2.20 குறைந்தது, வெற்றுக் காப்ஸ்யூல் தின்றவர்களுக்கு 2.99. சும்மா தின்றவன் பாஸ், மருந்து தின்றவன் ஒரு மார்க் கம்மி என்கிற கதை!

ஒரு விஷயம் கவனியுங்கள். ஒன்றுமே இல்லாத காப்ஸ்யூலுக்கும் மூன்று மதிப்பெண் குறைகிறது. நமக்குத் தெரிந்தவர் 'நான் தின்றேன், சுகமாச்சு' என்று சொல்வது பொய் இல்லை. அந்தச் சுகத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆசான் பேரன்:
வாத்தியார் சார், பாதிதான் படித்திருக்கிறீர்கள். ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு 2015இல் இதே சா பால்மெட்டோவில் ஹெக்சேன் என்ற கரைப்பான் கொண்டு இறக்கிய சாறுக்குப் 'பயன் நிறுவப்பட்டது' என்று அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. அமெரிக்காக்காரன் இல்லை என்றால் இல்லை, ஐரோப்பாக்காரன் உண்டு என்றால் அது கணக்கில் வராதா?

அதைவிட, அமெரிக்கப் பனை தோற்றால் நெருஞ்சில் எப்படித் தோற்கும்? மாங்காய் புளித்தது என்று தேங்காயைத் தூக்கி எறிகிற நியாயமா இது?

சந்தை வாத்தியார், திங்கள்சந்தை:
ஐரோப்பியத் தகவல் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அங்கீகாரம் ஹெக்சேன் சாறு ஒன்றுக்கு மட்டும். எத்தனாலில் இறக்கியதற்கு 'வழிவழிப் பயன்பாடு' என்ற சின்னத் தகுதிதான் கொடுத்தார்கள். அண்ணனிடம் இருக்கும் பாட்டிலில் எதில் இறக்கியது என்று போட்டிருக்கிறதா? பிற்பாடு 2023இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் குழு 27 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் இல்லை அல்லது சொற்பம் என்றுதான் எழுதியது.

நெருஞ்சில் தோற்றது என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் பரீட்சையே எழுதவில்லை என்கிறேன்.

குலசேகரம் பால்வெட்டுக்காரன்:
பாட்டிலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். எதில் இறக்கியது என்று இல்லை. கீழே கட்டம் கட்டிப் பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறது. பையன் படித்தான்: இந்தக் கூற்றை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, இது எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உத்தேசித்தது இல்லை. அப்படியென்றால் இதை எதற்குத்தான் விற்கிறார்கள்?

மருந்துக்கடை மாமா, தக்கலை:
அதேதான் அண்ணே. அங்கே 1994இல் ஒரு சட்டம் போட்டார்கள். மூலிகை, வைட்டமின் எல்லாம் உணவுக் கணக்கில் போகும். விற்பதற்கு முன் 'இது வேலை செய்கிறது' என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டாம், அந்தக் கட்டம் மட்டும் போட்டால் போதும். நம் ஊரிலும் ஊட்டச்சத்துப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரியும் இருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மாநில உரிம அதிகாரி கொடுத்த தயாரிப்பு உரிம எண் இருக்கும். முதல் வகை சாப்பாடு, இரண்டாவது மருந்து. ஆசான் பேரன் தம்பி தன் கையால் காய்ச்சிக் கொடுக்கிற குடிநீரையும், கூரியரில் வருகிற டப்பாவையும் ஒரே பெயரில் 'மூலிகை' என்று சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

மலைமூலிகை_777:
ஆண்களே கவலை வேண்டாம்!! மருந்துவாழ்மலை சஞ்சீவி மூலிகை + ஜாதிக்காய் + அமுக்கரா + பூனைக்காலி. 21 நாளில் புராஸ்டேட் கரையும், 25 வயது வேகம் திரும்பும், கேரண்டி. ரகசியம் காக்கப்படும். வாட்ஸ்அப் செய்க: [நீக்கப்பட்டது]

நெறியாளர்:
எண் நீக்கப்பட்டது, கணக்கும் முடக்கப்பட்டது. 1954ஆம் வருஷத்து மருந்து, மந்திர வைத்திய விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் புராஸ்டேட் கோளாறும் ஆண்மைக் குறைவும் இருக்கின்றன. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது. பதிவை மட்டும் விட்டுவைக்கிறேன், மாதிரி எப்படி இருக்கும் என்று எல்லோரும் பார்க்கட்டும். விவாதம் தொடரட்டும்.

ஆசான் பேரன்:
இந்த மாதிரி ஆட்களால்தான் எங்களுக்குக் கெட்ட பெயர். பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டுவான், மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருவான், 'பரம்பரை' என்பான். பரம்பரை எது என்று கேட்டால் அடுத்த ஊருக்குப் போயிருப்பான். மருந்துவாழ்மலையில் அனுமன் கொண்டுபோன சஞ்சீவி விழுந்தது என்பது ஐதீகம், அதைக் காப்ஸ்யூலில் அடைக்க முடியுமா?

குளச்சல் கடலோடி:
எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

இதே மாதிரி ஒன்றைத்தான் போன வருஷம் கூரியரில் வாங்கினேன். 'நூறு சதவீதம் மூலிகை' என்று டப்பாவில் இருந்தது. வேலை செய்ததா என்றால், செய்தது. முதல் நாளே. அதுதான் ஆச்சரியம். ஒரு மணி நேரத்தில் முகமெல்லாம் சூடு, காது மடல் எரிகிறது, மூக்கு அடைத்துக்கொண்டது, தலைவலி மண்டையைப் பிளந்தது. டியூப் லைட்டைப் பார்த்தால் நீலம் பூத்த மாதிரி இருந்தது. மூலிகை ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறது, முதலில் அப்படித்தான் இருக்கும் என்று விற்றவன் போனில் சொன்னான். நானும் நம்பினேன்.

மீதி டப்பாவை என் கூட்டாளிக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்திருக்கிறேன். அவனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அதனால் இங்கிலீஷ் மாத்திரை ஆகாது, மூலிகை என்றால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

மருந்துக்கடை மாமா, தக்கலை:
கொடுக்காதே தம்பி. கொடுக்கவே கொடுக்காதே. இதைப் படித்த உடனே பதில் போடு.

நீ சொன்ன சூடு, மூக்கடைப்பு, தலைவலி, நீலப் பார்வை, இதெல்லாம் சில்டெனாஃபில் தின்றவனுக்கு வருகிற அடையாளம். வயாக்ராவின் உள்மருந்து அது. உன் டப்பாவில் அதுதான் இருந்தது என்று சோதிக்காமல் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இது உலகம் முழுக்க நடக்கிற திருட்டு. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை மருந்து கலந்து பிடிபட்ட 776 ஊட்டச்சத்துப் பொருள்களில் 353 ஆண்மைக்கு என்று விற்றவை. ஒரு மூலிகை ஒரு மணி நேரத்தில் வேலை செய்தால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு.

ஸ்டென்ட் வைத்தவர்கள் பலர் நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை வைத்திருப்பார்கள். நைட்ரேட் வகை. அதுவும் சில்டெனாஃபிலும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கும். உயிரே போகும். தெரிந்து சில்டெனாஃபில் தின்கிறவன் டாக்டரிடம் சொல்லுவான். மூலிகை என்று நம்பித் தின்றவன் என்ன சொல்லுவான்?

குளச்சல் கடலோடி:
கொடுக்கவில்லை மாமா. கை நடுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கொடுப்பதாக இருந்தது.

ஆசான் பேரன்:
இதில் மாமா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. எங்கள் லேகியம் எதுவும் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யாது. அமுக்கராவும் பூனைக்காலியும் பாலோடு மாதக்கணக்கில் தின்ன வேண்டியவை. உடம்பைத் தேற்றுகிற வழி அது, சுவிட்ச் போடுகிற வழி வேறு.

ராத்திரி டூட்டி:
நான் நர்ஸ். ஊர், ஆஸ்பத்திரி எதுவும் சொல்ல மாட்டேன். இவ்வளவு நேரம் ஆண்கள் பேசுகிறார்களே என்று சும்மா படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுபது வயதுப் பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுப் போகவில்லை. அடிவயிறு ஆறு மாதக் கர்ப்பம் மாதிரி மேலே நிற்கிறது, கையை வைக்கவிடவில்லை. டியூப் போட்டதும் 1,100 மில்லி வந்தது. பை நிறையும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டே என்னைக் கும்பிட்டார். அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் ஏறிக் கிடந்தது.

கேட்டபோது, இரண்டு வருஷமாக லாட்ஜ் வைத்தியர் கொடுத்த லேகியம் தின்கிறார். மூன்று நாளாகச் சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறார். அவர் வீட்டுக்கார அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. 'இதையெல்லாம் போய் அவளிடம் எப்படிச் சொல்ல' என்றார். 40 வருஷம் கூட இருந்தவளிடம்!

ஆசான் பேரன்:
அக்கா, மன்னிக்க வேண்டும். அடைத்தது சளி மாத்திரை. அதில் இருக்கிற மருந்து பையின் கழுத்தை இறுக்கும் என்று எங்களுக்கும் பாடம் உண்டு. பழி மட்டும் லேகியத்துக்கா?

ராத்திரி டூட்டி:
லேகியம் அடைத்தது என்று நான் சொல்லவில்லை தம்பி. சளி மாத்திரைதான் கடைசித் தள்ளு. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் பை எப்போதும் அரைகுறையாகவே காலியாகி, கிட்னிக்குத் திருப்பி அழுத்தம் போய்க்கொண்டிருந்தது. யாரும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. லேகியம் அவரை ஒன்றும் செய்யவில்லை, அந்த இரண்டு வருஷத்தைத்தான் தின்றுவிட்டது. அடுத்து, ஆண்மைக் குறைவுக்கு மூலிகை தேடுகிறவர்களும் கேளுங்கள். அந்த உறுப்புக்குப் போகிற ரத்தக் குழாய் இதயத்தின் குழாயைவிடச் சின்னது. கொழுப்பு அடைக்கத் தொடங்கினால் அங்கேதான் முதலில் தெரியும். நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே அது சமிக்ஞை கொடுக்கிறது. சர்க்கரை இருந்தால் நரம்பும் கூடப் போகும். சமிக்ஞையை அமுக்கராவால் மூடிவைத்தால் நல்லதா?

ஆசான் பேரன்:
சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இங்கே எல்லோரும் 'சோதனை இல்லை, சோதனை இல்லை' என்கிறீர்களே, சோதனைக்குப் பணம் யார் போடுவது? நெருஞ்சில் ரோட்டோரம் முளைக்கிறது. காப்புரிமை வாங்க முடியாத முள்ளுக்கு எந்தக் கம்பெனி கோடி ரூபாய் கொட்டும்? அதனால் நாங்கள் எப்போதும் பரீட்சை எழுதாதவர்கள்.

ஆரோக்கியப்பச்சையை எடுங்கள். அகத்தியமலைக் காட்டில் காணிக்காரர்கள் என்ற பழங்குடிகள் தின்று களைப்பில்லாமல் நடந்த சின்னக் காய். 1987இல் கூடப்போன ஆராய்ச்சியாளர்களுக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் தோட்ட நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உண்டாக்கி, 1995இல் 10 லட்ச ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. படிக்காதவன் அறிவு என்று தள்ளியிருந்தால் அது வந்திருக்குமா? பேச்சிப்பாறைக்கு மேலே இன்றும் காணிக் குடியிருப்புகள் இருக்கின்றன, போய்க் கேட்டுப் பாருங்கள்.

மருந்துக்கடை மாமா, தக்கலை:
நல்ல உதாரணம், ஆனால் என் பக்கம்தான் சாய்கிறது. காணிக்காரர் சொன்னார், ஆய்வுக்கூடம் சோதித்தது, எதற்கு என்று எல்லை போட்டது. களைப்புக்கும் உடல் தெம்புக்கும் என்றுதான் சொன்னார்களே தவிர, புராஸ்டேட் கரையும் என்று இல்லை. அந்தப் பணத்தில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடும் இருந்தது. இப்போது டப்பாவில் காட்டுவாசி படம் போட்டு விற்கிறவன் எந்தக் காணிக்குக் காசு கொடுத்தான்?

நெருஞ்சில் ஆண்மை ஹார்மோனை ஏற்றும் என்பதும் சோதித்த விஷயம்தான் தம்பி. பல்கேரியாவில் 21 வாலிபர்களுக்குக் கொடுத்து 2005இல் வெளியிட்டார்கள், ஹார்மோன் அசையவில்லை. ஜிம் பையன்கள் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆசான் பேரன்:
அது ஹார்மோன் பேச்சு. எங்கள் நூல் நெருஞ்சிலை நீர் பெருக்கவும், நீர்க்கடுப்புக்கும், கல்லடைப்புக்கும்தான் முதலில் சொல்கிறது.

சந்தை வாத்தியார், திங்கள்சந்தை:
அப்படியானால் எனக்கு ஒரு சந்தேகம். நீர் பெருக்குகிற மருந்தை, ராத்திரி நாலு தடவை எழுகிறவருக்குக் கொடுத்தால் ஆறு தடவை ஆகாதா?

ஆசான் பேரன்:
கேள்வி நியாயம். அதனால்தான் காலையில் மட்டும் கொடுப்போம், சாயங்காலத்துக்கு மேல் கிடையாது. அண்ணாச்சிக்குச் சொன்னவர் நேரம் சொன்னாரா என்று தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டு மருந்துக்கடையில் நெருஞ்சில் என்று கேட்டால் சிறுநெருஞ்சிலும் வரும், யானை நெருஞ்சிலும் வரும். இரண்டும் வேறு வேறு செடி. யானை நெருஞ்சில் பச்சைத் தண்டைத் தண்ணீரில் விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று நூல் இழுக்கும். சிறுநெருஞ்சிலில் அப்படி வராது. காய்ந்த முள்ளாக வாங்குகிறவனுக்குக் காயின் வடிவம் தெரியாவிட்டால் எது என்று சொல்ல முடியாது. அண்ணாச்சி, யாரோ சொன்னார் என்று கடையில் வாங்கிக் காய்ச்ச வேண்டாம். கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் ஓபி சீட்டுப் போட்டோ, ஆரம்ப சுகாதார நிலையத்துச் சித்தா பிரிவிலோ காட்டுங்கள். இதில் நான் மாமாவோடு கூட்டணி.

மருந்துக்கடை மாமா, தக்கலை:
கொள்ளாம் தம்பி! இந்த வெள்ளைக்கரு விஷயம் எனக்கே புதுசு.

குலசேகரம் பால்வெட்டுக்காரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டதால் வெட்டு இல்லை, அந்தச் சாக்கில் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தேன்.

பிஎஸ்ஏ 2.1, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஸ்கேனில் புராஸ்டேட் 42 கிராம். வாலிப வயதில் 20 இருக்குமாம். ஒன்றுக்குப் போனபிறகும் பையில் 80 மில்லி மிச்சம் நிற்கிறது. ஏழு கேள்வி கொண்ட ஒரு தாள் கொடுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 35க்கு எனக்கு 18. பரீட்சையில் நான் எடுத்த நல்ல மார்க் இதுதான், ஆனால் இதில் குறைவாக வாங்குகிறவன்தான் ஜெயித்தவனாம்.

மாமா சொன்னது பலித்துவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை 168. எனக்கு ஒன்றுமே தெரியாது. டாக்டர் இரண்டு கேள்விக்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இரண்டாவது கேள்வியை எப்படிக் கேட்டேன் என்கிறீர்களா? வீட்டுக்காரி கூட வந்திருந்தாள், அவளே கேட்டுவிட்டாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கரைக்கு மாத்திரை, அப்புறம் அந்த டாம்சுலோசின் 0.4, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆசான் தம்பி சொன்ன மாதிரியே முதல் வாரம் தலைசுற்றல் இருந்தது. மரத்தடியில் குனிந்து வெட்டிவிட்டு நிமிர்ந்தால் தோட்டமே ஒருபக்கம் சாய்கிறது. மெல்ல எழுந்து பழகிக்கொண்டேன். இப்போது ராத்திரி ஒருதடவை, சில நாள் இரண்டு. கட்டன் சாயாவை ஆறு மணியோடு நிறுத்தினதற்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ராத்திரி டூட்டி:
சந்தோஷம் அண்ணே. வீட்டில் அக்காவுக்கு ஒரு கும்பிடு. ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நாளைக்குக் கண்புரை ஆபரேஷன் என்று முகாமுக்குப் போனால், இந்த டாம்சுலோசின் தின்கிறேன் என்று கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கண் பாப்பாவைச் சுற்றியிருக்கிற திரையைத் தளர்த்திவிடும், ஆபரேஷன் நேரத்தில் அவர்களுக்குச் சிரமம். நிறுத்திவிட்டோமே என்று சொல்லாமல் விடவும் கூடாது.

ஆசான் பேரன்:
வாழ்த்துகள் அண்ணாச்சி. மாத்திரை பலன் தந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மாமா, 80 மில்லி மிச்சம், 42 கிராம், இந்த மாதிரி ஆரம்பத்தில் இருக்கிறவர்களுக்குக் குடிநீரும் உணவுக் கட்டுப்பாடும் போதும் என்ற என் கட்சியை நான் விடவில்லை. பார்த்தவன் சொல்கிறேன்.

மருந்துக்கடை மாமா, தக்கலை:
பார்த்தவன் என்கிறாய். எத்தனை பேர்? எத்தனை பேருக்குக் கேட்டது, எத்தனை பேர் திரும்பி வரவே இல்லை? உன் தாத்தா நோட்டு வைத்திருந்தாரா? திரும்பி வராதவன் எல்லாம் சுகமாகிவிட்டான் என்று நாமே கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். என் கடையிலும் அதே கதைதான், உன்னை மட்டும் சொல்லவில்லை.

ஆசான் பேரன்:
நோட்டு இல்லை. தாத்தாவுக்கு எல்லாம் தலைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது.

அண்ணாச்சி, அந்த ஏழு கேள்வித் தாளை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். இனி வருகிறவர்களிடம் முதல்நாளும், மூன்று மாதம் கழித்தும் அதைக் கேட்டு எழுதிவைக்கிறேன். பெயர் வேண்டாம், நம்பர் மட்டும். ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் குடிநீர் இல்லை. வாத்தியார் சார் கணக்குப் பார்த்துக் கொடுக்கட்டும். முதல் நம்பராக உங்களையே போட்டுக்கொள்ளட்டுமா? மாத்திரையோடு காலையில் குடிநீரும் எடுக்கலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

குலசேகரம் பால்வெட்டுக்காரன்:
தாளைப் போட்டுவிட்டேன் தம்பி. ஆனால் என்னை நோட்டில் சேர்க்காதீர்கள். நான் மாத்திரை தின்கிறேன், சாயாவையும் நிறுத்தியிருக்கிறேன். நாளைக்குச் சுகமானால் எதனால் என்று வாத்தியார் உங்களைப் பிடித்துக்கொள்வார்.

சந்தை வாத்தியார், திங்கள்சந்தை:
பிடித்துக்கொள்வேன்தான். அந்த 90 காப்ஸ்யூல் என்ன ஆயிற்று?

குலசேகரம் பால்வெட்டுக்காரன்:
அப்படியே இருக்கிறது சார். மருமகன் ஓணத்துக்கு ஊருக்கு வருகிறான். தின்றீர்களா மாமா என்று கேட்பான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்றும் யாராவது எழுதுங்கள்.